கூடைக்கு எத்தனை கிலோமீட்டர்?

காட்டுப்பள்ளியிலிருந்து சென்னை சென்ட்ரல் எவ்வளவு தூரம்? மேப்பில் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, ‘முப்பது கிலோமீட்டருக்குள்’ என்பீர்கள். சரிதான். ஆனால், போவது யார் என்று நீங்கள் கேட்கவே இல்லையே?

தண்ணீர் போகிறது என்று வையுங்கள். மீஞ்சூர் திட்டம் என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்தக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருப்பது காட்டுப்பள்ளியில்தான். 2010-ல் திறந்தார்கள். தினம் 10 கோடி லிட்டர் திறன். குழாயில் ஏறினால் நேரே சென்னை. நடுவில் வண்டி மாறுகிற வேலையே இல்லை.

மீன் கூடையோடு ஓர் அம்மா போகிறார் என்று வையுங்கள். ஷேர் ஆட்டோ பிடித்து அத்திப்பட்டு புதுநகரோ, மீஞ்சூரோ வரவேண்டும். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் வெண்டார் பெட்டி. மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கலாம். ரோடுதான் என்றால், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கவேண்டும். (துறைமுகத்துக்குப் போகிற பெட்டிக்கும் அவசரம்தான், பாவம்!) 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. அதுவரை வந்து சேர்ந்தால் சென்ட்ரலுக்குக் குளுகுளு பயணம்.

இது இன்றைக்கு நேற்று வந்த வழக்கமில்லை. காட்டுப்பள்ளியை ஒட்டி ஓடுகிற பக்கிங்ஹாம் கால்வாயை முதலில், 1806 வாக்கில், சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவேதான் வெட்டினார்கள். பிறகு பழவேற்காடு தாண்டி ஆந்திரா வரை நீண்டது. பட்டணத்து அடுப்புக்கு விறகும், சமையலுக்கு உப்பும் படகில் வந்தன. நகரத்துக்கு எது வேண்டுமோ, அதற்கு முதலில் வழி பிறக்கும்.

அதில் என்ன தப்பு, லட்சம் பேர் தாகம் பெரிசா, ஒரு கூடை பெரிசா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குழாயை யாரும் குறை சொல்லவில்லை. கொடுக்கிற ஊருக்கு வாங்குகிற ஊர் என்ன கடன்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். தண்ணி பில்லில் அது வராது.

டிக்கெட்டை இலவசமாக்கினால் கடன் தீர்ந்ததா? 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்றார்கள். நல்ல காரியம். அதே வருஷம் டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய ஒரு வயதான அம்மாவை, நாற்றமடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள்.

பக்கத்து சீட்காரருக்கு மூக்கு இல்லையா என்பீர்கள். இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரக் குழம்பை மோப்பம் பிடிப்பதும் அதே மூக்குதான்!

மெட்ரோவில் வெண்டார் பெட்டி இல்லை. திட்டம் போட்டவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. படம் வரைந்தபோது பயணியின் தோளில் ஒரு லேப்டாப் பையை மாட்டியிருப்பார்கள். இடுப்பில் ஒரு கூடையை வரைய யாருக்கும் தோன்றியிருக்காது.