கணிதமா, இயற்பியலா?

கோட்பாட்டு இயற்பியலை நாடும் மாணவருக்கு ஒவ்வொரு பருவத்திலும் இந்தத் தயக்கம் வரும்: எடுப்பது கணிதப் பாடமா, இயற்பியல் பாடமா?

1912-இல் ஐன்ஸ்டைனிடமே, ஈர்ப்பை விளக்கத் தேவைப்பட்ட வளைந்த வெளிக்கான கணிதம் இல்லை. கல்லூரித் தோழர் மார்செல் கிராஸ்மன்தான் ரீமானின் வடிவியலை எடுத்துக் காட்டினார். அது 1854-லேயே பிறந்து காத்திருந்தது. ஆனால், ஈர்ப்பைப் பற்றி 1907 முதல் ஐன்ஸ்டைன் சுமந்த கேள்வியை எந்தக் கணித நூலும் அவருக்குத் தந்திருக்காது. கணிதத்தைத் தேவை வரும்போது தேடிக் கற்கலாம். அவரும் 1915 வரை பாடுபட்டுக் கற்றார். இயற்கையிடம் எதைக் கேட்பது என்னும் உணர்வோ, சிறுகச் சிறுகத்தான் ஊறும்.

தயங்கினால் இயற்பியலை எடுங்கள். நேரியல் இயற்கணிதத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குவாண்டம் இயக்கவியல் முதல் நாளே அதைக் கேட்கும்.