சிவப்பில் எழுதத் தகுந்தவை

வாசலிலும் பூசையறையிலும் சிவப்பு மங்கலம். குங்குமம், செம்பருத்தி, கூறைச்சேலை எல்லாம் அந்த நிறந்தான். தாளில் ஏறிவிட்டால் மட்டும் அது குற்றத்தின் நிறமாகிவிடுகிறது. மலேசியாவின் நீலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குச் சிவப்பு மை என்றாலே ரிப்போர்ட் கார்டு நினைவுதான். பால் வெட்டிவிட்டு வந்த கையோடு அப்பா அதில் கையெழுத்துப் போடும்போது நீல எழுத்துகள் பக்கம் கண்ணே போகாது. சிவப்பு எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்றுதான் தேடுவார். பிள்ளைக்கு எது நன்றாக வந்தது என்பதை அந்த அட்டை எந்த நிறத்திலும் சொன்னதில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களம் வரை போகவேண்டியிருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. லயத்தை ஒட்டி ஒரு கொட்டகை எழும்பும். பல இடங்களில் கணக்கெழுதும் கிராணியோ வேலை வாங்கும் கங்காணியோதான் வாத்தியாராகவும் இருந்தார். காலையில் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் பெயர் அடித்துக் கூலியைக் குறைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, அவர் கையிலேயே பிள்ளையின் நோட்டும் போனது. பிழை கண்ட இடத்தில் கழிப்பது என்ற வழக்கம் இரண்டு புத்தகங்களுக்கும் பொதுவாகிவிட்டது என்றே நான் நம்புகிறேன். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுத் தாமான் குடியிருப்புகளாகிவிட்டன. நீலாயில் இன்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக நானும் அந்தச் சிவப்புப் பேனாவைத்தான் பிடித்திருக்கிறேன்.

அதனால்தான் ஒரு புட்டி சிவப்பு மை என்னை இவ்வளவு யோசிக்க வைக்கிறது. பிரான்சின் ஜே. ஹெர்பின் நிறுவனம் 2010இல் வெளியிட்ட ரூஜ் ஹெமாடிட் என்ற மை அது. நிறுவனம் தொடங்கிய ஆண்டு 1670. அதை நிறுவியவர் இந்தியாவுக்குக் கப்பலில் போய்வந்த மாலுமி, அங்கிருந்து அரக்கைக் கொண்டுபோய் முத்திரை மெழுகு செய்தார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. சதுரப் புட்டி, மூடியில் மெழுகுப் பூச்சு, அடியில் வண்டல். நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் பேனாவில் நிரப்ப வேண்டும்.

தடித்த நிப்பால், சதுர மீட்டருக்கு 52 கிராம் எடையுள்ள டோமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாளில் எழுதினேன். காயும் வரை வெறும் சிவப்பு. காய்ந்த பிறகு தாளைச் சன்னல் பக்கம் சாய்த்தால், மை தேங்கிய வளைவுகளில் பச்சையும் பொன்னும் மினுங்குகின்றன. சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் உள்ள பச்சையை விழுங்குவதால்தான் நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. அதே சாயம் தாளுக்குள் இறங்காமல் மேலேயே அடர்ந்து ஏடாகப் படியும்போது, எந்த நிறத்தை மிகுதியாக விழுங்குகிறதோ அதையே தன் மேற்பரப்பிலிருந்து வலுவாகத் திருப்பியும் அனுப்புகிறது. நீல மைகள் சிவப்பாக மினுங்குவதும் இப்படித்தான். இதை நான் வியந்து வியந்து பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் பேனாவைக் கொடுத்தபோது, பெயரை மட்டும் இதில் எழுத மாட்டேன் என்றார். கல்லறைக் கல்லில் இன்னும் உயிரோடிருக்கும் துணையின் பெயரைச் சிவப்பில் பொறித்து வைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. புத்தாண்டு வாழ்த்து ஒன்றை எழுதிப் பார்த்துவிட்டு, அழகு என்றார். அங்பாவ் உறையும் சிவப்புத்தான். மங்கலமும் அச்சமும் ஒரே நிறத்தில் குடியிருப்பது நம் வீட்டில் மட்டுமல்ல.

பிறகு அதே பேனாவால் பள்ளி நோட்டில் எழுதினேன். மினுக்கம் வரவில்லை. மலிவான தாள் மையை உடனே குடித்துவிடுகிறது. மேலே தங்குவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. நான் படித்த காலத்தில் வாத்தியார் மேசையில் இருந்த சிவப்பு மைப்புட்டியின் கழுத்தில், காய்ந்த மை பச்சையாகப் பளபளத்தது நினைவுக்கு வருகிறது. பழைய சிவப்பு மைகள் பலவற்றின் சாயம் இயோசின். 1874இல் ஜெர்மானியரான ஹைன்ரிஷ் காரோ உருவாக்கியது. அந்தச் சாயம் காய்ந்தால் பச்சை காட்டும். அன்றும் அந்த மினுக்கம் புட்டியில் இருந்தது, எங்கள் நோட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை. இயோசினுக்கு வெளிச்சமும் ஆகாது. வான்கோ தீட்டிய படுக்கையறை ஓவியங்களில் இயோசின் கலந்த சிவப்புகள் வெளுத்துப்போனதால் அறைச் சுவர்களின் நிறமே மாறிவிட்டது. வெளுக்கும் சாயத்தால்தான் பிள்ளைகள் மேல் அவ்வளவு உறுதியான தீர்ப்புகள் எழுதப்பட்டன.

இந்த ஹெர்பின் மையால் திருத்தக் கூடாது என்று முடிவு செய்தேன். மினுக்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு மாணவனின் கட்டுரையில் எது நன்றாக இருக்கிறதோ அதன் பக்கத்தில் முழு வாக்கியமாக எழுதுகிறேன். 'நன்று' என்ற ஒற்றைச் சொல் போதாது. எது நன்று, ஏன் நன்று என்று சொல்ல வேண்டும். ஒட்டுப்பால் பொறுக்கிய பாட்டியின் விரல் நாற்றத்தைப் பற்றி ஒருவன் எழுதியிருந்தான். மழை நாளில் அந்த நாற்றம் சோற்றிலும் இருந்தது என்ற வரியைக் கோடிட்டு, இதை உன்னைத் தவிர யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று எழுதினேன். நீலாயின் ஈரக்காற்றில் இந்த மை எளிதில் உலர்வதில்லை, விரல் பட்டால் இழுத்துக்கொள்ளும். நோட்டை மூடாமல் மேசையில் விரித்தே வைக்க வேண்டியிருக்கிறது. நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அந்தக் கட்டுரையில் ரகர றகரப் பிழைகளும் இருந்தன. அவற்றை விட்டுவிடவில்லை, பிழை சொல்லாத வாத்தியாரால் யாருக்கும் பயனில்லை. ஆனால் பென்சிலால் வட்டமிட்டேன். அவன் சரிசெய்து காட்டியதும் அழித்துவிடலாம்.