பாடாமல் நிற்கும் உரிமை

காஞ்சியின் தெற்கு ஓரம் செவிலிமேட்டில் சாலைக்கிணறு இருக்கிறது. காட்டில் வழி தப்பிய இளம் இராமானுசரை காஞ்சி வரதராசப் பெருமாளும் தாயாரும் வேடுவத் தம்பதியாக வந்து இங்கே சேர்த்தார்கள் என்பது வைணவ மரபு. அதன்பின் அவர் நாள்தோறும் இந்தக் கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் அது கூலிக்குச் சுமந்த தண்ணீர்.

அவருடைய சீடர் கூரத்தாழ்வான், காஞ்சிக்குப் பக்கத்துக் கூரத்தில் பிறந்தவர். சிவனுக்கு மேல் பரம்பொருள் இல்லை என்று ஒப்புக்கொண்டு இராமானுசர் கையெழுத்திட வேண்டும் என்றான் சோழ மன்னன். ஆசானின் காவியைத் தாம் உடுத்து அவைக்குப் போன ஆழ்வான் மறுத்தார். கண்களை இழந்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். இதைச் சைவ வைணவப் பகையாக மட்டும் படிக்க எனக்கு மனமில்லை. திருமாலே பரம் என்றெழுதி ஒரு சிவனடியாரிடம் நீட்டியிருந்தாலும் அநியாயம் இதேதான். பேசாதே என்கிற அதிகாரம் நம் மௌனத்தையாவது நமக்கு விட்டுவைக்கிறது. இப்படிச் சொல் என்கிற அதிகாரத்துக்கு அதுவும் போதாது. நம் நாவையே நமக்கெதிரான சாட்சியாக்கப் பார்க்கிறது.

இந்த அதிகாரம் பழங்கதை அல்ல. 2015 ஜனவரியில் நாமக்கல்லில், ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பைத் தணிக்க மாவட்ட நிர்வாகம் கூட்டிய அமைதிப் பேச்சில், அதை எழுதிய பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்புக்குக் கையெழுத்திட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அடுத்து அறிவித்தார். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை ஆனது.

கேரளத்தில் 1985இல் நடந்ததுதான் சொல்லவைக்கும் அதிகாரத்தின் அநியாயத்தை எனக்கு முழுதாகப் புரியவைத்தது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. கீதத்தின் சொற்களில் யாருடைய மதத்துக்கும் எதிரானது எதுவும் இல்லையே என்று பார்த்தது அம்மாநில உயர் நீதிமன்றம். உண்மைதான், இல்லை. ஆனால் 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்றார். பாட்டில் குறை உண்டா என்பதல்ல. பிள்ளைகளின் நம்பிக்கை மெய்யானதா என்பதே கேள்வி. பாடியே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, எழுந்து நின்றதே மரியாதை என்றது தீர்ப்பு.

நான் தேசிய கீதத்தை மனமுருகிப் பாடுகிறவன். பக்கத்தில் ஒரு குழந்தை பாடாமல் நிற்கலாம் என்றிருப்பதால்தான் நான் பாடுவது என்னுடைய பாட்டாகிறது. அவள் வாயைத் திறக்கவைத்து வாங்கும் குரலால் நாட்டுக்கு ஒரு துளி அன்பும் கூடிவிடாது. மூன்று பிள்ளைகளையும் மீண்டும் பள்ளியில் சேர்க்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.