லாபம், ரெண்டு, மூணு

என் தாத்தா நெல் அளக்கும்போது ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார். முதல் மரக்கால் சாக்கில் விழும்போது ‘லாபம்’ என்பார். அடுத்ததிலிருந்துதான் ‘ரெண்டு, மூணு’. விளைச்சல் பொய்த்த வருடத்திலும் அப்படித்தான். கடன் கொடுத்தவர் களத்துமேட்டிலேயே வந்து நின்றபோதும் அப்படித்தான். “இதுல என்ன தாத்தா லாபம்?” என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டேன். “சாமி குடுத்தது வந்துருச்சுல்ல, அதாண்டா” என்றார்.

எனக்குப் பிழைப்பு நெல்லோடு இல்லை, எழுத்தோடு. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். 22 வருடமாயிற்று. ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாத வேலை இது. திருத்திய ஆயிரம் பிழைகளை ஒருவரும் அறிய மாட்டார்கள். தப்பிப்போன ஒரே ஒரு றகரத்துக்காக ஊரே கூப்பிட்டுக் கேட்கும். கூடப் படித்தவர்கள் வீடு கட்டினார்கள். அவர்களுடைய புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் நான் ஒற்றுப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். நடுவில் சில வருடங்கள் இந்த நினைப்பு என்னை நன்றாகவே அரித்தது.

அந்த நாட்களில்தான் அதிபத்தர் கதையை மறுபடி படித்தேன். 63 நாயன்மார்களில் ஒருவர். நாகப்பட்டினத்துக் கடற்கரையில், நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர். வலையில் எத்தனை மீன் விழுந்தாலும் நல்லதாக ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பிறகு வலையில் ஒரே ஒரு மீன் மட்டும் விழும் காலம் வந்தது. அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. கடைசியில் பொன்னும் மணியுமாக மின்னும் மீன் ஒன்று சிக்க, அதையும் அதே கையால் விட்டார். இறைவன் காட்சி கொடுத்தார் என்று முடிக்கிறார் சேக்கிழார். ஆவணி மாதத்தில் நாகை மீனவர்கள் இன்றும் கடலில் தங்க மீன் விட்டு அவரைக் கொண்டாடுகிறார்கள்.

எல்லோரும் அந்தப் பொன்மீனைத்தான் பேசுவார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு முந்தைய ஒற்றை மீன். கணக்குப் பார்த்தால் அன்று முழு நஷ்டம். ஆனால் அவர் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிறவர். கொடுத்த நொடியிலேயே அவருடைய நாள் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு வலையில் மிஞ்சுவது கூடலாம், குறையலாம். அன்றைய உழைப்பு வீண் என்று மட்டும் சொல்ல முடியாது. தாத்தாவின் ‘லாபம்’ எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘இருப்பதை வைத்துத் திருப்திப்படு’ என்பது முதலாளிக்கு வசதியான உபதேசம். சம்பளம் போதவில்லை என்றால் வாய்விட்டுக் கேட்கிறேன். போன தீபாவளிக்கும் கேட்டேன். பக்தியைக் காட்டிக் கூலியைக் குறைக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் கூலி கூடினாலும் தீராத கசப்பு ஒன்று உண்டு: நாம் செய்வதை யாரும் பார்க்கவில்லையே என்கிற கசப்பு. பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று மனது நம்பிய பிறகுதான் எனக்கு அது இறங்கியது.

அதனால் தினமும் கைக்கு வரும் முதல் தாளை அவனுக்கென்று ஒதுக்கிவிட்டேன். வரிக்கு அடியில் அளவுகோலை வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், எழுத்தெழுத்தாகப் படிப்பேன். மற்ற தாள்களில் பிழை விடுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். விடுகிறேன், திட்டு வாங்குகிறேன், ராத்திரி தூக்கமும் வருகிறது.

நேற்று வந்த முதல் தாள் ஒரு கருமாதிப் பத்திரிகை. காலமான பெரியவரின் பெயருக்கு முன்னால் ‘க.’ என்று இருந்தது. சந்தேகப்பட்டு, வீட்டார் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ‘சு.’ போய்ச் சேர்ந்த மனிதருக்கு அப்பாவையே மாற்றியிருப்போம். சிவப்பு மையில் திருத்தினேன். அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியப்போவதில்லை.

‘லாபம்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்தது கல்யாணப் பத்திரிகை. ரெண்டு.