சுத்தம் செய்வதிலும் ஒரு வரிசை உண்டு



தூய்மையை ஈமானின் பாதியென்று நமக்கு உணர்த்தினார்கள் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள். தமக்கும் பிறர்க்கும் தீங்கு செய்யலாகாது என்பதும் அவர்களின் போதனையே. வீட்டைச் சுத்தம் செய்கையில் இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

தளவாய்புரம் போன்ற தையல் தொழில் ஊர்களில் பல வீடுகளில் தையல் மிஷினும் தொட்டிலும் முஸல்லாவும் ஒரே அறையில்தான். வீட்டில் ஒருவர் நோயுற்று எழுந்தால் அந்த அறையைக் கிருமி நீக்குவது அவசியம். எப்படி?

கண்ணுக்குத் தெரியும் நஜீஸ் பட்டால் முதலில் அதை அகற்றி, பிறகே தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். பினாயில் வாசனை வந்துவிட்டால் நஜீஸ் நீங்கிவிட்டதாகாது. கிருமிக்கும் இதே வரிசைதான். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச்சிங் பவுடர் கரைசல், அழுக்கோடு போராடியே வலுவிழந்துவிடும். ஆகவே முதலில் கூட்டி, சோப்பு நீரால் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 3 கிராம் அளவில் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரால் தரையைத் துடையுங்கள். 10 நிமிடம் ஈரமாக இருக்கட்டும். பின்னர் நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ஜன்னல் கதவுகள் திறந்திருக்கட்டும். குழந்தைகள் வெளியே இருக்கட்டும்.

ஒன்றுக்கு இரண்டாகக் கலந்தால் பலன் கூடுமென்று எண்ணிப் பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சேர்ப்போர் உண்டு. அதிலிருந்து கிளம்புவது குளோரின் என்னும் நச்சுப்புகை. காற்றைவிடக் கனமானதால் அது தரையோரம் தங்கும். குனிந்து கழுவும் பெண்ணின் மூச்சையே முதலில் தாக்கும். நெடி வந்தால் அள்ளிக் கழுவ நிற்காதீர்கள். உடனே வெளியேறுங்கள், இருமலும் மூச்சிரைப்பும் இருந்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அச்சம் மிகுந்தால் அளவு மறந்துபோகும். கொரோனா பரவிய 2020 ஏப்ரலில், திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் சுரங்கம்போல் கூடாரம் அமைத்து, நடந்து செல்வோர் மேலேயே கிருமிநாசினி தெளித்தார்கள். மனித உடல்மீது தெளிப்பது தீங்கென்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதத்தில் எச்சரித்தது. தரைக்குரிய மருந்து தரைக்கே!

ஒளுச் செய்யும்போதும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். நம் இல்லங்களைத் தூய்மையாகவும், அவற்றைத் தூய்மை செய்யும் கரங்களை நலமாகவும் வல்ல அல்லாஹ் வைத்தருள்வானாக! ஆமீன்.