நாவின் பிழையும் நெஞ்சின் பிழையும்

தமிழைத் தப்பும் தவறுமாகப் பேசக் கேட்டால் நமக்குச் சினம் பொங்குகிறது. தவறாக எழுதி வைத்திருப்பதைக் கண்டால் கண் உறுத்துகிறது. மொழிப்பற்று உள்ளவனுக்கு அது இயல்பு. காலில் முள் தைத்தால் வலிக்கத்தானே செய்யும்! அந்த வலியைக் குறைகூற நாம் வரவில்லை. அந்தச் சினம் யார்மேல் பாய்கிறது, யாரைக் கண்டதும் பதுங்குகிறது என்பதைத்தான் ஆராய விரும்புகிறோம். சினத்திற்கும் ஒரு நீதி வேண்டுமன்றோ?

பழனி மலைத்தொடரையே எடுத்துக்கொள்வோம். வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து மலையேறி வந்தால், கொடைக்கானலை அடையுமுன் பெருமாள்மலை. பழனிக்குப் பிரியும் பாதை அங்கேதான். பேருந்துக்குக் காத்து நிற்கும் முதியவர் ஒருவர், தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, "பளனி வண்டி போயிருச்சா?" என்று கேட்கிறார். அருகில் நிற்கும் படித்த இளைஞர் கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. "பளனியாம், பளனி! ழகரத்துக்கு வந்த கேட்டைப் பார்!" என்று ஒருவன் கேலி பேச, மற்றவன் அதையே திரும்பச் சொல்லிக் காட்டுகிறான். முதியவர் வாய் மூடிக்கொள்கிறார். வண்டி போயிற்றா இல்லையா என்பதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை!

இதே பழனியை வெள்ளைக்காரன் என்னவென்று எழுதினான்? 'புல்னி' என்று எழுதினான். வத்தலக்குண்டை 'பட்லகுண்டு' ஆக்கினான். ஏட்டில் எழுதினான், படத்தில் பொறித்தான், பலகையில் தீட்டினான். யாராவது சிரித்தோமா? சிரிக்கவில்லை. அவன் எழுதியபடியே நாமும் எழுதினோம். அவன் போன பிறகும் எழுதினோம். பட்லகுண்டு என்று ஆங்கிலத்தில் எழுதுவது இன்றும் நின்றபாடில்லை. உழைப்பவன் நாவில் ஓர் எழுத்துத் தேய்ந்தால் அது அறியாமை. ஆள்பவன் பேனாவில் ஊரின் பெயரே சிதைந்தால் அது ஆவணம்! இதுவா மொழிப்பற்று?

பிழை என்பதே இல்லை, எல்லாம் சரி என்று கூறுகிறோமா? இல்லை. பிழை உண்டு, திருத்தவும் வேண்டும். ஆனால் அவற்றைப் பெருக்குவோர் யார் என்று பாருங்கள்.

கொடைக்கானலின் ஏரியைச் சுற்றி வருவோர், கடைப் பலகைகளில் 'தேனீர்' என்று எழுதியிருக்கக் காண்பர். 'தே' என்பது தேயிலை. அதனொடு நீர் சேர்ந்தால் தேநீர். தேனோடு நீர் சேர்ந்தால்தான் தேனீர். பலகையை நம்பி உள்ளே போனால் தேனும் கிடைக்காது, கிடைப்பது தேநீர்தான். குறிஞ்சி மலர் 'பனிரெண்டு' ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். 2006-இல் பூத்து, 2018-இல் பூத்து, 2030-இல் பூக்க இருக்கும் அம்மலருக்குக் கணக்குத் தெரியும். நமக்குத்தான் அது பன்னிரண்டு என்று எழுதத் தெரியவில்லை. 'சுவற்றில் எழுதாதீர்' என்று சுவரிலேயே எழுதுகிறார்கள். கிணறு கிணற்றில் ஆகும். சுவர் சுவரில்தான் ஆகும். 'ஒவ்வொரு பயணிகளும்' என்கிறார்கள். ஒவ்வொரு என்று ஒருமையில் தொடங்கினால் 'பயணியும்' என்று ஒருமையில்தானே முடியவேண்டும்? 'முயற்சிக்கிறோம்' என்று மேடையில் முழங்குகிறார்கள். முயல்கிறோம் என்றாலே போதுமே!

இவற்றை எழுதியோரும் பேசியோரும் மூட்டை சுமக்கும் முதியவர்களா? கற்றோர், பதவி பெற்றோர், ஒலிபெருக்கி முன் நிற்போர். அவர்களைக் கண்டு நாம் சிரிப்பதில்லை. பணிவோடு கைதட்டுகிறோம். அப்படியானால், நம்மை எரிச்சலூட்டுவது பிழையா, பிழை செய்தவனுடைய கந்தலா?

இலக்கணத்தின் காவலர் என்று தம்மைக் கூறிக்கொள்வோர் இலக்கணத்தையாவது முழுமையாகப் படித்திருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. தமிழ் இலக்கணம் வழு இது, வழாநிலை இது என்று பிரித்ததோடு நிற்கவில்லை; வழுவமைதி என்று மூன்றாவதாக ஒன்றையும் வைத்தது. பசுவைப் பார்த்து, "என் அம்மா வந்துவிட்டாள்" என்கிறான் உழவன். அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது வழு. ஆயினும் அன்பினால் வந்தது ஆகையால் அதனை ஏற்கலாம் என்கிறது இலக்கணம். தஞ்சாவூர் தஞ்சை என்று தேய்ந்ததை மரூஉ என்று ஏற்றது. இல்லத்தின் முன்புறத்தை 'முன்றில்' என்று முறைமாற்றிச் சொன்னதை இலக்கணப் போலி என்று பெயரிட்டு மதித்தது. இலக்கணம் இவ்வளவு இளகிய மனத்தோடு இருக்கிறது. அதைக் கற்றோர் மனம் மட்டும் ஏன் கல்லாகிவிட்டது?

வட்டார வழக்கு வேறு, பிழை வேறு. யாழ்ப்பாணத்தார் 'கதைக்கிறோம்' என்றால் பேசுகிறோம் என்று பொருள். கட்டுக்கதை சொல்கிறோம் என்று பொருளன்று. நாம் பிறந்த ஊரின் பேச்சே தமிழ், மற்ற ஊரின் பேச்சு கொச்சை என்பது கிணற்றுத் தவளையின் புவியியல்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இன்று நாம் எழுதும் லை, னை, ணா, றா எழுத்துகள் ஒரு காலத்தில் பிழை என்றே ஒதுக்கப்பட்டவை. துதிக்கையை வளைத்தாற்போல் கொம்பு போட்டு எழுதியதே அன்று முறை. பெரியார் 1935-இல் 'குடி அரசு' ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு அதனை ஆணையாகவே வெளியிட்டது. இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகள்! நேற்றுப் பிழை என்று ஒதுக்கியதையே இன்று நம் குழந்தைகள் பலகையில் எழுதிப் பழகுகிறார்கள். முறை என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று; மனிதன் வகுத்தது, மனிதன் மாற்றக்கூடியது.

"அப்படியானால் எதைத்தான் கண்டிப்பது?" என்று கேட்பீர்கள். ஓர் அளவுகோல் சொல்கிறோம். பிழையின் வடிவத்தைப் பார்க்காதீர். அது யார் தலையில் சுமையாக விழுகிறது என்று பாருங்கள்.

முதியவர் 'பளனி' என்றதால் யாருக்கு என்ன இழப்பு? பழனி ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் அதே மலைகளில் காலங்காலமாக வாழும் பழங்குடியினர் பளியர். அவர்கள் பெயர் அரசின் பழங்குடிப் பட்டியலில் எப்படி இருக்கிறது? பளியர் என்ற வடிவில் இல்லை. பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்று மூன்று வடிவங்கள் மூன்று தனித்தனி எண்களோடு நிற்கின்றன. காட்டில் தேன் எடுக்கும் மனிதன், மூன்றில் தான் எந்த எழுத்துக்கூட்டல் என்று மேசை முன் நின்று விளக்கவேண்டும்! அவன் பேச்சில் ஓர் எழுத்துத் தவறினால் நகைக்கிறோம். அவன் பெயரையே ஏடு மூன்று விதமாக எழுதினால் அதை ஒழுங்கு என்கிறோம்.

எழுத்துக்கூட்டல்தானே, இதில் என்ன இருக்கிறது என்று எண்ணவேண்டாம். சத்தீசுகரில் பழங்குடிச் சமூகங்கள் பலவற்றின் பெயர்கள், எழுத்திலும் ஒலிப்பிலும் பட்டியலோடு பொருந்தவில்லை என்ற காரணத்தால், அம்மக்களுக்குச் சான்றிதழும் சலுகையும் எட்டாமற்போயின. மாற்று வடிவங்களையும் ஏற்பதற்கு 2023-இல் நாடாளுமன்றமே கூடித் திருத்தச் சட்டம் இயற்றவேண்டி வந்தது. ஓர் எழுத்தைத் திருத்த ஒரு நாடாளுமன்றம்! சினம் கொள்ளவேண்டிய பிழை இதுவன்றோ? படிவத்தில், பட்டியலில், ஆணையில், மருந்துக் குறிப்பில் நேரும் பிழை ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் போடும். உயிரையே பறித்தாலும் பறிக்கும். அங்கே காட்டுங்கள் உங்கள் இலக்கணக் கண்டிப்பை!

இன்னும் ஒரு பிழை உண்டு. அதில் ஒற்று மிகாது, எழுத்துத் தேயாது, எழுவாயும் பயனிலையும் இம்மியும் முரணாது. ஆயினும் அதைவிடக் கொடிய பிழை தமிழில் இல்லை. தோட்டத்தில் களையெடுக்கும் அறுபது வயது மூதாட்டியை இருபது வயது இளைஞன், "ஏய், இங்கே வா" என்கிறான். பெட்டி தூக்கும் பெரியவரை, "நீ எவ்வளவு கேட்கிறாய்?" என்கிறான். விடுதி முதலாளியிடம் மட்டும், "நீங்கள்", "வாருங்கள்", "சொல்லுங்கள்"! ஒருவரையே பன்மையில் அழைத்து மதிப்பளிக்கும் பெருமை தமிழுக்கு உண்டு. அந்த மதிப்புப் பன்மையைச் சாதி பார்த்து, சட்டை பார்த்து, சட்டைப்பை பார்த்து அளந்து கொடுக்கிறோமே, இதற்கு எந்த இலக்கணத்தில் வழுவமைதி இருக்கிறது? 'பளனி' என்றவர் நாவில் பிழை. 'ஏய்' என்றவன் நெஞ்சில் பிழை. நாவின் பிழையை ஒரு வாரப் பயிற்சி திருத்தும். நெஞ்சின் பிழையைத் திருத்தத்தான் நூற்றாண்டுகள் போதவில்லை.

பள்ளிகளில் பணியாற்றுவோர் இதன் விளைவை நாள்தோறும் காண்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் மலைச்சிற்றூரிலிருந்து வந்த தாய் ஒருத்தி எழுந்து, தன் பிள்ளையின் படிப்பைப்பற்றி ஏதோ கேட்கிறாள். அவள் சொன்ன சொல்லில் ஒன்று புதிதாகப்பட, யாரோ ஒருவர் சிரிக்கிறார். அவள் உட்கார்ந்துவிடுகிறாள். அடுத்த கூட்டத்திற்கு வருவதில்லை. பக்கத்தில் நின்று அதைப் பார்த்த பிள்ளையோ, வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்குவதில்லை. பேசினால்தானே சிரிப்பார்கள் என்று, பேசாமலே இருக்கக் கற்றுக்கொள்கிறது. நாம் மொழியைக் காப்பாற்றினோமா, மொழி பேசும் வாயை அடைத்தோமா? ஊமைகளை உண்டாக்கிவிட்டுத் தூய தமிழை யாருக்காகக் காத்து வைக்கப்போகிறோம்?

திருத்தவேண்டாம் என்று சொல்லவில்லை, தோழர்களே! ஆசிரியன் வேலையே திருத்துவதுதான். ஆனால் திருத்துவது வேறு, தீர்த்துக்கட்டுவது வேறு. எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாதவருக்குச் சரியான வடிவத்தை நாம் சொல்லிக்காட்டினால் போதும். அவர் காது கேட்கும், நா பழகும். வாய்ப்புப் பெற்றும் பொறுப்பற்று எழுதுவோரை அஞ்சாமல் சுட்டிக்காட்டுவோம்: பலகை எழுதுவோனிடம் இன்சொல்லால், அலுவலகத்திடம் விண்ணப்பத்தால், ஆள்வோரிடம் போராட்டத்தால். வலியவனிடம் பதுங்கி எளியவனிடம் பாயும் சினத்திற்கு மொழிப்பற்று என்று பெயர் சூட்டாதிருப்போம்.

பெருமாள்மலையில் இன்றும் யாரோ ஒரு முதியவர், "பளனி வண்டி போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார். "இன்னும் இல்லை ஐயா, பழனி வண்டி இப்போது வந்துவிடும், உட்காருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். ழகரமும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பார்.