வெறுந்தரை என்று ஒன்று உண்டா?



உணவுக்கு முன் நன்றி சொல்வது நம் குடும்பங்களில் வழிவழியாக வரும் நல்ல பழக்கம். சோற்றுடன் சட்டித் தயிரும் பரிமாறப்படும்போது, அந்த நன்றி யார் யாரைச் சேர வேண்டும் என்று சிந்தித்ததுண்டா? பால் தந்த மாட்டையும், கறந்த பண்ணையாளரையும் நினைப்போம். மாடு மேய்ந்த புல்லை நினைப்பவர் சிலரே.

புல் சூரிய ஒளியின் சக்தியைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. அதை மேயும் மாடோ, பெற்றதில் பெரும்பகுதியை நடக்கவும், மூச்சுவிடவும், உடற்சூட்டைக் காக்கவும் செலவிடுகிறது, செரியாதது சாணமாகிறது. 1942இல் ரேமண்ட் லின்டமன் என்ற அமெரிக்க அறிஞர், ஓர் ஏரியில் நடத்திய ஆய்வைக் கொண்டு இவ்விழப்பை விளக்கினார். உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சேர்வது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே என்பது இன்று பாடநூல்கள் தரும் பொதுக் கணக்கு. புல்லில் ஆயிரம் பங்கு சக்தி என்றால், மாட்டின் உடலில் நூறு. அந்த மாட்டைத் தின்னும் சிறுத்தையின் உடலில் பத்து. மேற்படியில் ஒன்று வாழ, கீழே அகன்ற அடித்தளம் வேண்டும். செலவான சக்தி திரும்பி வராது. சாணத்திலுள்ள சத்து மாத்திரம் வண்டுகளாலும் கறையான்களாலும் மண்ணைச் சேர்ந்து, மீண்டும் புல்லாகிறது.

இக்கணக்கை மனதிற்கொண்டு, நமது மாவட்டத்தின் மேற்கு எல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளை நோக்குவோம். பெரும்போகத்திற்கு வயல் விதைத்ததும் மாடுகள் அங்கே கொண்டு செல்லப்படும். அறுவடைக்குப் பின் அவை திரும்பி வந்து, வயலில் தாளை மேய்ந்து எருவும் இடும். அத்தரைகளில் வெளி மாவட்டத்தவர் பயிரிடுவதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டம் ஆரம்பித்தார்கள்.

“மாட்டை இடையில் வைப்பதால்தானே இத்தனை இழப்பு? அங்கே தானியம் விளைந்தால் அதிகம் பேர் உண்ணலாமே!” என ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தானியத்தை மாட்டுக்குக் கொடுத்துப் பால் பெறும் நாடுகளுக்கு அது நன்கு பொருந்தும். இங்கோ மாடு உண்பது, மனிதன் உண்ண முடியாத புல்லையும் தாளையும். மேலும், தரை பறிபோனால் விதைப்புக் காலத்தில் மாடுகள் எங்கே நிற்கும்? வயலோரத்தில்தான். அப்போது பயிருக்குச் சேதம், அயலவருக்குள் பகை. புற்றரையை அழித்துப் பெறும் விளைச்சலுக்கு நெல்வயலும் விலை கொடுக்க நேரும்.

பயிரிட வந்தவரும் ஏழையாக இருக்கலாம். அவருடைய பசியும் பசியே. அவருக்கு வழி செய்வது அரசின் கடமை. ஆனால் ஓர் ஏழையின் அடித்தளத்தைப் பிடுங்கி மற்றோர் ஏழைக்குக் கொடுப்பது நீதியாகாது. அதனால் ஏழைகள் இருவரும் எதிரிகளாவதே மிச்சம்.

வேலி இல்லை, உழுத சால் இல்லை என்பதற்காக ஒரு நிலத்தை வெறுந்தரை என்கிறோம். உண்மையில், பல படிகளின் பாரத்தைத் தாங்கி நிற்பது அதுவே. ஆகவே, ‘அந்தக் காணி சும்மா கிடக்கிறது’ என்று சொல்லுமுன், அங்கே உண்பவை எவை, அவற்றால் உண்பவர் யார் என்று கேட்போமாக.